எட்டு மாதப் பழைய மருந்துச் சீட்டு: சிப்ரோஃப்ளாக்சசின் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சீட்டு நான்காக மடிக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் கிழிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. "இதைக் காட்டித்தான் மாத்திரை வாங்கினோம் டாக்டர்" என்று மகன் அதை மேசைமேல் விரித்தார். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். கையெழுத்து என்னுடையது. தேதி எட்டு மாதம் முந்தியது.

நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துகள், அளவுகள், அவற்றின் விளைவுகள் ஆகியவற்றை மாற்றவில்லை.

வந்த நிலை

அம்மாவுக்கு 66 வயது. காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமம். சர்க்கரை நோய் 11 ஆண்டுகளாக இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானம் உண்டு. எடை 58 கிலோ. அறைக்குள் வரும்போதே வலது காலை இழுத்து, முன்பாதத்தை ஊன்றாமல் நடந்தார். ஆனால் அவர் சொன்ன முதல் குறை காலைப் பற்றியது அல்ல. "நீர்க்கடுப்பு அடங்கவே இல்லை. எட்டு நாளாக மாத்திரை போடுகிறேன், எரிச்சல் அப்படியே இருக்கிறது" என்றார். காலைப் பற்றிக் கேட்டதும் கையை அசைத்துத் தள்ளினார். "அது குதிகால் வாதம். போன தடவையும் வந்தது, தானாகப் போய்விட்டது."

போன தடவையும் வந்தது என்ற அந்தச் சொல் இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதி இருந்திருக்காது. அதைச் சொன்னபோது நான் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அரைக் காதில்தான் விழுந்தது. நாடித்துடிப்பை எண்ணும்போதுதான் மூளை அதைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது.

எட்டு நாளில் நடந்தது

எட்டு மாதத்துக்கு முன் இதே நீர்க்கடுப்போடு வந்தபோது பத்து மாத்திரை எழுதினேன். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று வளர்த்துப் பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் எடுக்கவில்லை. மூன்றாம் நாளே எரிச்சல் நின்றதால் ஆறு மாத்திரையோடு நிறுத்திவிட்டு, மிச்சம் நான்கையும் சீட்டோடு சேர்த்து ஒரு டப்பாவில் வைத்துவிட்டார். குறைசொல்ல வேண்டியதில்லை, எந்த வீட்டில் அப்படி ஒரு டப்பா இல்லை?

இந்த முறை எரிச்சல் தொடங்கியதும் டப்பா திறந்தது. முதல் இரண்டு நாளில் நான்கு மாத்திரையும் தீர்ந்தன. மூன்றாம் நாள் மகன் பழைய சீட்டோடு மருந்துக் கடைக்குப் போய்ப் பத்து மாத்திரை வாங்கி வந்தார். கடையில் யாரும் தேதியைப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் இரவுக்குள் மொத்தம் 14 மாத்திரை உள்ளே போயிருந்தன.

அவற்றை எப்படி விழுங்கினார் என்பதைக் கேட்டு வாங்க நேரம் பிடித்தது. நம் வீடுகளில் ஆன்டிபயாடிக் என்றால் சூடு. வாய்ப்புண் வரும், வயிறு எரியும், எனவே குளிர்ச்சியாக எதையாவது சேர்த்துக் குடிக்க வேண்டும். காலை மாத்திரையை ஒரு டம்ளர் மோரோடு விழுங்கியிருக்கிறார். எலும்புக்கென்று சாப்பிடும் கால்சியம் மாத்திரையும் அதே வாயில். இரவு மாத்திரை மட்டும் வெந்நீரோடு.

ஐந்தாம் நாள் விடியற்காலை வேர்த்து ஊற்றிக் கை நடுங்கியது. மருமகள் கெட்டிக்காரர். வீட்டுக் கருவியில் சோதித்தார், சர்க்கரை 54. உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, இட்லி சாப்பிட வைத்திருக்கிறார். பாடப் புத்தகம் வேறெதுவும் சொல்லவில்லை. அதே நாள்களில் அம்மாவுக்குத் தூக்கமும் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆறாம் நாள் மாலை கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு பிடிப்பு. ஏழாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியபோது காலை ஊன்ற முடியவில்லை.

பரிசோதனை

காய்ச்சல் இல்லை. நாடி 92, ரத்த அழுத்தம் 138/84. விலாவுக்குக் கீழே முதுகைத் தட்டினால் வலிக்கவில்லை. ஆகவே தொற்று சிறுநீரகம்வரை ஏறவில்லை, சிறுநீர்ப் பையோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாணான வலது குதிநாணில், எலும்பில் சேரும் இடத்துக்குச் சுமார் 4 செ.மீ. மேலே தொட்டாலே முகம் சுளித்தார். இடதைவிட அங்கே தடிப்பு. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையைப் பிழிந்தபோது பாதம் கீழ்நோக்கி அசைந்தது. நாண் அறுந்திருந்தால் அசையாது. பிறகு எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது: வீக்கமும் தடிப்பும் உண்டு, கிழிசல் இல்லை.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.0. இந்த எண்ணைப் பார்த்துச் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 51 மி.லி.தான். அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்த எண் தேவைப்பட்டது. சிப்ரோ இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டக்கூடியது என்பதால் இசிஜி எடுத்தேன், இயல்பாக இருந்தது. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. கல்ச்சருக்கு அனுப்பிய பிறகே அடுத்த மருந்தைக் கையில் கொடுத்தேன்.

பிறகு பையைக் கொட்டச் சொன்னேன். சுருக்குப் பைக்குள் வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். முழங்கால் வலிக்கு அதே கடை கொடுத்தது. அதில் டைக்ளோஃபெனாக் ஒன்று. கூடவே சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று, அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தது. வெட்டிய ஓரத்தில் "சோலோன்" என்ற வால் மட்டும் மிச்சம். மகன் கடைக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தார்: ப்ரெட்னிசோலோன் 10 மி.கி. தினம் ஒன்று, மூன்று வாரமாக.

ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சர்க்கரை ஏறியிருக்கிறதென்று வேறோர் இடத்தில் கிளிமெபிரைடை 1 மி.கி.யிலிருந்து 2 ஆக உயர்த்தியிருந்தார்கள். ஏன் ஏறியது என்று கேட்டவர் இல்லை. ஏற்றியது அந்த வெள்ளை மாத்திரை.

இந்த மருந்தின் கதை

சிப்ரோஃப்ளாக்சசின் மோசமான மருந்து அல்ல. க்வினோலோன் குடும்பத்தின் முதல் மருந்தான நாலிடிக்சிக் அமிலம் 1962-இல், மலேரியா மருந்தான குளோரோக்வின் தயாரிப்பின் உபவிளைவாகக் கிடைத்தது. அதில் ஃப்ளோரின் சேர்த்து வலுவூட்டிய வாரிசுகளில் சிப்ரோ ஒன்று. அமெரிக்காவில் 1987-இல் அனுமதி பெற்றது. பாக்டீரியா தன் டி.என்.ஏ. இழையை முறுக்கவும் பிரிக்கவும் பயன்படுத்தும் நொதிகளை இது முடக்குகிறது. இழை சிக்கி, கிருமி சாகிறது. வாய்வழியாகவே நன்றாக உடம்பில் சேரும், சிறுநீரில் செறிவாக இறங்கும், விலையும் குறைவு. நீர்க்கடுப்பு என்றதும் பேனா தானாக இதை எழுதியதற்குக் காரணம் இதுதான். என் பேனாவும்.

எச்சரிக்கைகள் அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. குதிநாண் அழற்சியும் அறுபடுதலும் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அட்டையில் சேர்க்கச் சொன்னது. நரம்புச் சேதம் பற்றி 2013-இல் வலியுறுத்தியது. 2016-இல், சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இந்தக் குடும்பத்தை எடுக்க வேண்டாம் என்றது. 2018-இல் இரண்டு சேர்ந்தன: ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வதும், மகாதமனி கிழியும் அபாயமும். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையும் கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2024 ஜனவரியில் பிரிட்டன், பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் மற்ற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாதபோது மட்டுமே இதைக் கொடுக்கலாம் என்று எழுதிவிட்டது.

குதிநாண் ஆபத்து யாருக்கு அதிகம் என்று 2008-ஆம் ஆண்டு எச்சரிக்கை மூன்று வகையினரைக் குறிப்பிட்டது: 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம் அல்லது நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். மூன்றில் இரண்டு இந்த அம்மாவுக்குப் பொருந்தின. வலி மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலும் வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். ஆகவேதான் மருந்துக்கும் குதிகாலுக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. வயதானவர் நொண்டினால் வாதம் என்பது எளிது.

ஒரே வயிற்றில் ஐந்து

மோரிலிருந்து தொடங்கலாம். பால், தயிர், மோர் இவற்றில் உள்ள கால்சியம் சிப்ரோவைப் பிடித்துக் கட்டிக்கொள்கிறது; கட்டுண்ட மருந்தைக் குடல் உறிஞ்ச முடியாது. கால்சியம், இரும்பு, துத்தநாக மாத்திரைகளும், மக்னீசியமோ அலுமினியமோ உள்ள வயிற்றெரிச்சல் மருந்தும் இதையே இன்னும் பலமாகச் செய்யும். சிப்ரோ அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ தண்ணீரோடு போக வேண்டும். முழுச் சாப்பாட்டின் பகுதியாகக் கொஞ்சம் தயிர் இருப்பதில் பெரிய தடையில்லை. மாத்திரையை மோரில் விழுங்குவதுதான் கூடாது.

கூர்மையான வாசகர் இங்கே ஒன்று கேட்பார்: மோர் மருந்தைத் தடுத்தது என்றால் குதிகாலும் சர்க்கரையும் எப்படிக் கெட்டன? மோர் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. இரவு மாத்திரை வெந்நீரோடு முழுசாகவே போயிற்று. ஆக, நாளில் பாதி நேரம் கிருமிக்குப் போதாத அளவு, மீதி நேரம் நாணைக் கெடுக்கப் போதுமான அளவு. இப்படி ஏறி இறங்கும் மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்துவதற்குத் தோதானது.

சர்க்கரை தாழ்ந்ததற்கு இரட்டிப்பாக்கிய கிளிமெபிரைடும், அந்த வகை மாத்திரையோடு சேரும்போது சிப்ரோ தரும் கூடுதல் இறக்கமும், நீர்க்கடுப்பால் இரவில் அரை வயிறாகச் சாப்பிட்டதும் போதும். ஏற்றுகின்ற ஸ்டீராய்டு உள்ளே இருந்தும் 54 வரை இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தூக்கம் போனதற்கு எனக்குக் கிடைத்த விடை காபி. காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை சிப்ரோ மட்டுப்படுத்துகிறது. குடித்த காபி உடம்பை விட்டு இறங்க நேரமாகிறது. காலையில் ஒன்று, பத்தரைக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று டிகிரி காபி குடிக்கும் ஒருவருக்கு அந்த வாரம் ஆறு டம்ளரின் பலன் கிடைத்திருக்கும். தஞ்சை மண்ணில் ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர் காபியைப் பற்றிக் கேட்காமல் விடுவது தவறு, நான் விட்டேன்.

அதே நொதிதான் டிசானிடின் என்ற தசை இறுக்க மருந்தையும் உடைக்கிறது. சிப்ரோவோடு அது சேரவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் போடும். வலிப் பொட்டலங்களில் டிசானிடின் கலந்த மாத்திரை சாதாரணமாக இருக்கும். இந்தப் பொட்டலத்தில் இல்லாமற்போனது அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறில்லை.

சிகிச்சை

சிப்ரோவை அன்றே நிறுத்தினேன். குதிநாண் வலித்தால் இந்த மருந்தைத் தொடரக் கூடாது. "இன்னும் ஒரு நாள் கோர்ஸை முடித்துவிடுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கே செல்லாது.

நீர்க்கடுப்புக்கு நைட்ரோஃப்யூரன்டாயின், மெதுவாகக் கரையும் 100 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின், 5 நாள். 1950-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து. ரத்தத்தில் அதிகம் தங்காது, நேராகச் சிறுநீருக்கு இறங்கும். எனவே சிறுநீர்ப் பைத் தொற்றுக்குப் பொருத்தம். அதே காரணத்தால் காய்ச்சலும் முதுகு வலியுமாக சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் உதவாது. வடிகட்டும் திறன் 51 இருந்ததால் கொடுக்க முடிந்தது. 30-க்குக் கீழே போயிருந்தால் வேறு தேட வேண்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லாவிட்டால் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்.

மூன்றாம் நாள் கல்ச்சர் வந்தது. ஈ கோலை என்ற பாக்டீரியா, மில்லி லிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். சிப்ரோ கேட்காது. செஃபிக்ஸிமும் கேட்காது. நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின் கேட்கும். அதாவது மோர் இல்லாமல், நேரம் தவறாமல், பதினான்கு மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கியிருந்தாலும் இந்தக் கிருமி செத்திருக்காது. இது அபூர்வமும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், மருத்துவமனைகளுக்கு வரும் ஈ கோலையில் பாதிக்கும் குறைவானவையே சிப்ரோவுக்குக் கட்டுப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பு ஆன்டிபயாடிக்குகளைப் பிரித்த பட்டியலில் நைட்ரோஃப்யூரன்டாயின் முதலில் எடுக்க வேண்டிய வகையிலும், சிப்ரோ கண்காணித்துக் கொடுக்க வேண்டிய வகையிலும் இருக்கின்றன. நான் எழுதிய வரிசை தலைகீழ்.

ப்ரெட்னிசோலோனை மூன்று வாரம் எடுத்துவிட்டதால் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தேன். அது இறங்கினால் சர்க்கரையும் இறங்கும் என்பதால் கிளிமெபிரைடை அன்றே 1 மி.கி.க்குக் கொண்டுவந்தேன். காலுக்கு ஓய்வு, உயர்த்திய குதி உள்ள செருப்பு, வலிக்குப் பாராசிட்டமால். குதிநாணைத் தேய்த்துவிடக் கூடாது, சுளுக்கெடுக்கிறவரிடம் போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். மகன் சிரித்தார், முந்தின நாளே போய்வந்திருந்தார்களாம்.

மருந்துதான் காரணமா

அழற்சிக்கு மருந்து எவ்வளவு பொறுப்பு என்று பார்க்க 1981-இல் உருவான நரான்ஹோ மதிப்பெண் முறை இருக்கிறது. முன்பே பதிவான விளைவு என்பதற்கு 1, மருந்து தொடங்கியபின் வந்ததற்கு 2, நிறுத்தியதும் தணிந்ததற்கு 1, ஸ்கேன் சான்றுக்கு 1. ஆனால் ஸ்டீராய்டும் சர்க்கரை நோயும் தனியாகவே நாணைக் கெடுக்கக்கூடியவை. அதற்காக ஒன்றைக் கழிக்க வேண்டும். கூட்டினால் 4: "இருக்கலாம்" என்ற வகை. எட்டு மாதத்துக்கு முன் இதே மருந்தோடு இதே குதிகால் வலித்தது என்பதற்கு இன்னொரு 1. மொத்தம் 5, அது "பெரும்பாலும் மருந்தே" என்ற வகையின் தொடக்கம். அம்மா கையை அசைத்துத் தள்ளிய அந்த ஒரு வாக்கியத்தின் எடை ஒரு மதிப்பெண்.

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் அனுப்பினேன். டாக்டர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியோ மகனோகூடச் சொல்லலாம். இது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் செவிலியர்களில் பாதிப் பேருக்கும்தான்.

சீட்டு

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, திரும்ப வழங்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தாலன்றி ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். கொடுத்தபின் கடையின் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்க வேண்டும். சிப்ரோ எச் அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த எச்1 அட்டவணையில் லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டு காக்க வேண்டும். சிப்ரோ அதற்குள் வரவில்லை. 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம், எல்லா ஆன்டிபயாடிக்கையும் ஒரே நாளில் கடைகளில் தடுப்பது நடக்காது, படிப்படியாகப் போகலாம் என்றது. டாக்டரே இல்லாத கிராமங்களை நினைத்தால் அந்த நிதானம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முதல் படியிலேயே நின்றுவிட்டோமோ என்ற எரிச்சலும் உண்டு.

கடையை மட்டும் திட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று எச்சரிக்க மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது. என் சீட்டில் எந்தக் கோடும் இல்லை. மறுபடி வழங்கக் கூடாது என்று எழுதவில்லை. மூட்டு வலிக்கு வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. மோர் வேண்டாம், கால்சியத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று சொன்னேனா? சொன்னதாக நினைவு இல்லை. 2016-ஆம் ஆண்டு அறிவுரை எனக்குத் தெரியும். அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், பழகிய மருந்தைப் பேனா எழுதிவிட்டது.

பின்தொடர்தல்

நான்காம் நாளில் எரிச்சல் நின்றது. ஐந்து நாள் மருந்தும் முடிந்து, காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். சர்க்கரை மறுபடி தாழவில்லை. மூன்றாம் வாரம் நொண்டல் குறைந்தது. ஆறாம் வாரம் கோயில் பிராகாரத்தை இரண்டு சுற்று வந்தேன் என்றார். நாணைத் தொட்டால் லேசான வலி அப்போதும் இருந்தது. அவருடைய மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "சிப்ரோ, லெவோ, ஆஃப்லாக்சசின், மாக்சி எதுவும் கொடுக்க வேண்டாம். குதிநாண் பாதிப்பு, இரு முறை." பழைய சீட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மகன், கிருமி சுத்தமாகப் போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு கல்ச்சர் எடுக்கலாமா என்று கேட்டார். பணம் கட்டவும் தயாராக இருந்தார். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத இந்த வயதுப் பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு, சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். தொந்தரவு இல்லாவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. எடுத்தால் கிருமி தெரியலாம். தெரிந்தால் அந்தத் தாளைப் பார்க்கும் யாராவது ஒரு டாக்டர் ஒரு ஆன்டிபயாடிக் எழுதுவார். எடுக்க வேண்டாம் என்றேன். அம்மா மகனைப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றார்.